தடிக்குப் பின்னால்

பழைய ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் கேமராவை மலிவாக வாங்கினேன். "எடுத்த படத்தை உடனே ஃபிலிம் டப்பாக்குள்ள சுருட்டிக்கும்பா" என்றார் கடைக்காரர்.

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்ததும், எங்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியே நண்பனைப் படமெடுத்தேன். உள்ளே போகிறவர்களின் போன் கேமராக்களில் ஸ்டிக்கர் ஒட்டும் செக்யூரிட்டி தடியோடு பாய்ந்து வந்தார்.

"கம்பெனிய போட்டோ எடுத்துகினு கீறியா? மெமரி கார்டு எங்கடா?"

"இதுல கார்டே கெடையாதுண்ணே."

முதல் அடி தோளில் விழுந்து, தடி மறுபடி ஓங்கியபோது என் விரல் பட்டனை அழுத்திவிட்டது. அடுத்த அடியில் உதடு கிழிந்தது. கேமராவைப் பிடுங்கித் திறந்து, டப்பாவுக்கு வெளியே கிடந்த, இன்னும் படமெடுக்காத ஃபிலிமைக் கிழித்தெறிந்தார்.

சில வாரம் கழித்து ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோது, டப்பாவுக்குள் சுருண்டிருந்த படங்கள் பிழைத்திருந்தன. கடைசிப் படத்தில் ஓங்கிய தடியும் செக்யூரிட்டியும் மங்கல். அவருக்குப் பின்னால் கைகட்டிச் சிரித்தபடி நின்ற எங்கள் சூப்பர்வைசரின் முகம் மட்டும் அத்தனை தெளிவு.

இத்தனை நாளும் நான் திருப்பி அடிக்கக் காத்திருந்தது தப்பான ஆளை.