செத்தவீட்டில் வைஃபை பாஸ்வேர்ட்

போன கிழமை நெளுக்குளத்தில் ஒரு செத்தவீடு. எங்கள் சின்னம்மா, அம்மாவின் தங்கை. வயது போய், நித்திரையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கிளிநொச்சியில் இருந்து விடியற்புறமே பஸ் ஏறிப் போய் இறங்கினேன்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பந்தல் வாசலில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தெரிந்த முகம், பெயர்தான் வாயில் வரவில்லை. ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நானும் முகத்தை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டேன்.

“தம்பி வீட்டு ஆள்தானே... இங்கத்தை வைஃபை பாஸ்வேர்ட் என்ன?”

எனக்கு எங்கே தெரியும்? நான் முழிக்க, பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கையை நீட்டிக் காட்டினார். பந்தல் காலில், சின்னம்மாவின் படம் போட்ட பதாகைக்குக் கீழே, ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பிறப்பு, இறப்பு, பாஸ்வேர்ட்!

ஒட்டியவர் மோகன். சின்னம்மாவின் மகள் சுகந்தியின் புருசன், எனக்கு மச்சான்.

“என்ன மச்சான் செய்யிறது? வாற சனம் முழுக்கக் கேக்குது. ஒவ்வொருத்தருக்காச் சொல்லிச் சொல்லி என்ர தொண்டை வறண்டு போச்சு” என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வருகிற அந்தக் குறுகல் ஒழுங்கைக்குள் போன் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. முந்தி செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டத்தை நீட்டினால் போதும். இப்போது தட்டம் கிடந்தபடி கிடக்க, வெற்றிலை வாடுகிறது. வந்தவர் கதிரையில் இருக்கிறார். இருந்ததும் தலையைக் குனிகிறார். பாவம், துக்கம் தாங்காமல்தான் குனிந்திருக்கிறார் என்று நினைத்துக் கிட்டப் போனால்... மடியில் போன்.

மட்டையைப் பார்த்து நானும் வைஃபையில் ஏறிக்கொண்டேன். ஊரோடு ஒத்துப்போக வேண்டாமா?

இனி விசயத்துக்கு வருகிறேன்.

சின்னம்மாவுக்கு ஒரே மகன், ரூபன். சுகந்திக்கு இளையவன். பிரான்சில் இருக்கிறான். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். ஆகவே வரமுடியாது. கொள்ளி வைக்க அவனுக்குப் பதிலாக என் தம்பி வேட்டியோடு தயாராக நின்றான். ரூபன் கேட்டது ஒன்றே ஒன்றுதான் — பெட்டி மூட முன்னம் அம்மாவின் முகத்தை ஒருக்கால் பார்க்க வேண்டும்.

“கொள்ளி வைக்க என்ர இடத்தில ஆளை நிப்பாட்டலாம் அண்ணா. முகம் பாக்க ஆளை நிப்பாட்டேலாது” என்று முதல் நாளே எனக்குப் போனில் சொல்லியிருந்தான்.

அதற்காகத்தான் சுகந்தி தன் லப்டொப்பைப் பெட்டியின் தலைமாட்டில் ஒரு கதிரையில் வைத்து, அவனை வீடியோ கோலில் எடுத்திருந்தாள். இது ரூபனுக்கு மட்டும். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற மற்றச் சொந்தங்களுக்கு என்று வீடியோக்காரர் ஒருவர் தனியாக லைவ் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் அந்த வீட்டு வைஃபைதான்.

இணைப்பு என்னவோ முதல் தரம். ஃபைபர். தாயோடு நெடுகக் கதைக்கலாம் என்று ரூபன்தான் போட்டுக்கொடுத்தான், இருக்கிறதிலேயே பெரிய பக்கேஜ். நாடு முழுக்கத் தாண்டி ஓடி வருகிற இன்ரநெற், மோகனின் வீட்டுச் சுவர் வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல்தான் வருகிறது. உள்ளே வந்த பிறகுதான் அதற்குச் சனி பிடிக்கிறது.

ரவுட்டரை எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? படுக்கை அறைக்குள், இரும்பு அலுமாரிக்கு மேலே, அதற்கும் பின்னால். ஆறு அன்ரெனா. ஆறும் பூச்சிக் கால் மாதிரி மேலே பார்த்தபடி நிற்கின்றன. ஏன் மச்சான் அங்கே?

“ஹோலில வச்சா வயர் தெரியுமெல்லோ. மாபிள் பதிச்ச வீடு.”

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஷோகேஸுக்குள், பிளாஸ்ரிக் பொம்மைகளோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் தூசி படுமாம், துணி போர்த்தியிருக்கிறார்கள். என் வீட்டில் குசினிக்குள்தான் ஒழுங்காக எடுக்கும்; இந்தப் பத்தியைக்கூடச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்றுதான் அனுப்புகிறேன். எங்கள் எல்லாருக்கும் வேகம் வேண்டும். ஆனால் அதற்காக ஒரு வயர் சுவரோரத்தில் போனால் மானம் போய்விடும்! ஆறு அன்ரெனா பத்தாவிட்டால் எட்டு அன்ரெனா வாங்குவோமே தவிர, வயர் இழுக்கமாட்டோம்.

சரி. அறைச் சுவர், ஹோல் சுவர், விறாந்தைச் சுவர் எல்லாம் தாண்டி, மூச்சு வாங்கிக்கொண்டு பந்தலுக்கு வந்து சேர்கிறது வைஃபை. அங்கே மோகன் பந்தல் காலில் ஒரு ரிப்பீற்றரைக் கட்டியிருந்தார். கேட்டதைத் திருப்பிச் சொல்கிற சாமான் அது. அரைகுறையாகக் கேட்டால் அரைகுறையாகத்தானே சொல்லும்?

“தம்பி, தெரியுதோடா?” சுகந்தி லப்டொப்பைப் பார்த்துக் கேட்டாள்.

“பெரியப்பாதான்... தெரியிறார் அக்கா... கொட்டாவி... விடுறார்...”

கண்டாவளைப் பெரியப்பா. செத்தவீட்டு முறை எல்லாம் அவர் சொல்வதுதான். லப்டொப்புக்கு முன்னால் போன நேரம் பார்த்து அவர் வாயைத் திறக்க, படம் அந்த இடத்திலேயே உறைந்துவிட்டது. கண்ணை மூடி வாயைப் பிளந்த பெரியப்பாவை ரூபன் அங்கிருந்து கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பாவோ உயிரோடு பந்தலைச் சுற்றி வந்து, தேத்தண்ணி எல்லாருக்கும் கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பிறகென்ன, ஆளுக்கு ஆள் வைத்தியம் தொடங்கினார்கள். ரவுட்டரை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார் ஒருவர். கனடாவில் இருந்து ஒரு மாமா, பக்கேஜைக் கூட்டச் சொல்லிக் குடும்பக் குரூப்பில் குரல் பதிவு போட்டார்.

“அன்ரெனாவைக் கிழக்கால திருப்புங்கோ” என்றார் ஒருவர்.

“என்ன விசர்க் கதை? பிரான்ஸ் மேற்காலயெல்லோ இருக்கு. மேற்கால திருப்புங்கோ!” என்றார் மற்றவர்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பூமிசாஸ்திரம் கதைத்தார்கள். கடைசியில் எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கைமருந்து: ஒருக்கால் நிற்பாட்டி, திரும்பப் போடுவது.

மோகன் உள்ளே போய் ரவுட்டரை நிற்பாட்டினார். அவ்வளவுதான், பந்தல் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. ஆளை ஆள் பார்த்தார்கள். வேறு வழி இல்லாமல் பெட்டியையும் பார்த்தார்கள். சின்னம்மா செத்த செய்தி அப்போதுதான் கிடைத்த மாதிரி இரண்டு மூன்று பேர் விம்மினார்கள். ஒரு மூலையில் ஒப்பாரிகூடத் தொடங்கியது. ரவுட்டரில் பச்சை வெளிச்சம் திரும்ப எரியும் மட்டும் அது உண்மையிலேயே செத்தவீடாக இருந்தது. பிறகு எல்லாரும் குனிந்துவிட்டார்கள்.

அப்படி என்னதான் பார்க்கிறார்கள்? பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மாவின் போனை எட்டிப் பார்த்தேன். பெட்டி. பெட்டிக்குள் சின்னம்மா. இந்தச் செத்தவீட்டின் லைவ்!

“ஏனம்மா, உதில முன்னுக்குத்தானே கிடக்கிறா. நேரில பாக்கலாமே?”

“ஆக்கள் மறைக்கினம் தம்பி. இது விட்டு விட்டுத்தான் வருது. எண்டாலும் வெளிநாட்டில இருந்து ஆர் ஆர் என்ன எழுதியிருக்கினமெண்டு பாக்கலாமெல்லோ.”

எழும்பிப் பந்தலை ஒரு சுற்றுச் சுற்றினேன். முன்வரிசை, பின்வரிசை, மேளகாரருக்குப் பக்கத்தில்... எங்கே பார்த்தாலும் சின்னம்மா. பந்தலில் இருந்து வெளிக்கிட்ட லைவ், கடல் தாண்டி எங்கேயோ ஒரு கொம்பியூற்றருக்குப் போய், திரும்பி அதே பந்தலுக்கு வந்துகொண்டிருந்தது. வைஃபை என்றால் என்ன? எல்லாருக்கும் ஒரே ஒழுங்கை. ஒரு வாகனம் போய் முடிய மற்றது போக வேண்டும். அந்த நெரிசலில் ரூபனின் கோல் எங்கேயோ பின்னால் சிக்கிக்கொண்டு நின்றது. என் போனில் வைஃபையை நிற்பாட்டினேன். ஒன்று குறைந்தது.

“மச்சான், பாஸ்வேர்ட்டை மாத்துங்கோ” என்றேன்.

மோகன் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா குறுக்கே விழுந்தார்.

“என்ன கதை கதைக்கிறாய்? செத்தவீட்டுக்கு வந்த சனத்தின்ர வைஃபையை வெட்டினவை எண்டு நாளைக்கு ஊர் முழுக்கக் கதை வரும். எட்டாம் நாள் சடங்குக்கு ஒரு குஞ்சும் வராது.”

“அப்ப ரூபன்?”

“அவன் எங்கட பிள்ளைதானே. விளங்கிக்கொள்ளுவான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கட பிள்ளை என்றால் இதுதான் மரியாதை! வந்தவன் போனவன் எல்லாரும் பார்த்து முடித்து, மிச்சம் மீதி இருந்தால் பெற்ற பிள்ளை பார்க்கலாம். இணைப்பைப் போட்டுக்கொடுத்தவன் அவன். செத்துப்போனது அவனுடைய தாய். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பதுதான் எங்களுக்கு முதல் கவலை.

ஐயர் ஒரு பக்கத்தால் அவசரப்படுத்தினார். இராகுகாலத்துக்கு முதல் எடுத்துவிட வேண்டும். வாய்க்கரிசி போட்டு முடிகிற நேரம். பெட்டி மூடியைச் சுவரோரத்தில் இருந்து தூக்கிவிட்டார்கள்.

“மூடப் போகினமடா தம்பி.” சுகந்தியின் குரல் உடைந்தது. “தெரியுதோ? கொஞ்சமெண்டாலும் தெரியுதோ?”

“கேற்றடி எல்லாம்... நல்ல கிளியரா... இருக்குது அக்கா. ஆர் வாறது... ஆர் போறது... எல்லாம் மற்றப் போனில தெரியுது. அம்மாவைத்தான்... தெரியேல்ல.”

கேற்றடியா?

கேற்றுத் தூணில் ஒரு பாதுகாப்புக் கமரா இருக்கிறது. தாயும் அக்காவும் இருக்கிற வீடு என்று ரூபன்தான் பூட்டுவித்தான். அதைத் தன்னுடைய இன்னொரு போனில் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறான். பந்தலில் சனம் எவ்வளவு கூடினாலும் அது மட்டும் தெளிவாக ஓடுகிறது. ஏன்? ரவுட்டரில் இருந்து அதற்குத் தனியாக ஒரு வயர் போகிறது!

யோசித்துப் பாருங்கள். கள்ளனைப் பார்க்க வயர் இழுத்திருக்கிறோம். பெற்ற தாயைப் பார்க்க வைஃபை.

சுகந்தி விறுக்கென்று எழும்பினாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

“இஞ்சாருங்கோ, அந்தக் கமரா வயரைக் கழட்டுங்கோ.”

“உமக்கென்ன விசரே?” மோகன் பதறினார். “சுவரோட கிளிப் அடிச்சுக் கிடக்கு. இழுத்தால் பெயின்ற் உரியும். சனம் தடக்கி விழும். ஆக்கள் என்ன நினைப்பினம்?”

பெரியப்பாவும் சும்மா இருக்கவில்லை. “பிரேதம் போற பாதையில வயர் குறுக்கால கிடக்கக்கூடாது பிள்ளை.”

“கிடக்காது பெரியப்பா. நான் தூக்கிப் பிடிக்கிறன்.”

அதற்கு மேல் அவள் யாரையும் கேட்கவில்லை. விறுவிறென்று கேற்றடிக்குப் போய் கமராவில் இருந்து வயரைப் பிடுங்கினாள். இழுத்துக்கொண்டு வர வர, சுவரில் அடித்த கிளிப்புகள் படபடவென்று கழன்றன. புதுப் பெயின்ற்றும் அங்கங்கே உரிந்தது. ஒவ்வொரு கிளிப்புக்கும் மோகன் ஒருக்கால் கண்ணை மூடித் திறந்தார். ஆட்கள் தடக்குப்படாமல் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

லப்டொப்பின் பக்கவாட்டில் வயரைச் செருகினாள். அதில் வைஃபையை நிற்பாட்டினாள். கோல் ஒருக்கால் அறுந்து, திரும்ப வந்தது.

திரையில் ரூபன். சவரம் செய்யாத முகம், வீங்கின கண், வேலைச் சட்டை — எல்லாம் நேரில் பார்க்கிற மாதிரித் தெரிந்தது. சுகந்தி லப்டொப்பைத் தூக்கி, பெட்டிக்கு மேலே சரித்துப் பிடித்தாள்.

திரையில் ஒரு அசைவும் இல்லை.

“என்ன, திரும்பவும் நிண்டுட்டுதோ?” என்றார் மோகன்.

நிற்கவில்லை. அவன்தான் அசையாமல் இருந்தான்.

“ஒவ்வொரு நாளும் வீடியோவில கதைப்பா” என்றான் கடைசியில். “போனை எப்பிடிப் பிடிக்கச் சொன்னாலும் நெத்தி மட்டும்தான் தெரியும். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அம்மான்ர முழு முகத்தையும் பாக்கிறன் அக்கா...”

சுகந்தி விக்கி விக்கி அழுதாள். லப்டொப்பை மட்டும் ஆட்டவில்லை. நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

பந்தலில் இருந்தவர்களோ தங்கள் பாட்டில் லைவ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை. வயரைக் கண்டு ஒருவரும் சிரிக்கவும் இல்லை. உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு வயர் வந்ததை அவர்கள் காணவே இல்லை. இந்தச் சனம் என்ன நினைக்கும் என்றுதான் இவ்வளவு நேரமும் தவித்திருக்கிறோம்! வைஃபை வருகிறவர் போகிறவருக்கு இருக்கட்டும், தாராளமாகக் கொடுங்கள். வீட்டில் ஒரு ஆளுக்காவது கட்டாயம் கிடைத்தாக வேண்டும் என்றால், வெட்கப்படாமல் வயரை இழுங்கள். பெயின்ற்றைப் பிறகு அடிக்கலாம்.

பெட்டியை மூடினார்கள். மேளம் உரத்தது. தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார்கள். சுகந்தி லப்டொப்பை நெஞ்சோடு அணைத்து, திரையை முன்பக்கம் காட்டிப் பிடித்தபடி பின்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் வயரோடு நான்.

கேற்றைத் தாண்டியதும் ஆண்களின் போன்களில் வைஃபை விட்டுப்போனது. ஒவ்வொருவராகப் போனைப் பொக்கெற்றில் போட்டுவிட்டு, பெட்டியைப் பார்த்து நடந்தார்கள்.

பெண்கள் கேற்றோடு நின்றுவிடுவதுதான் எங்கள் வழக்கம், சுடலைக்குப் போவதில்லை. சுகந்தி நின்றாள். வயரும் அந்த இடத்தில் இழுபட்டு நின்றது. அதற்கு மேல் ஒரு சாணும் வராது.

“தம்பி... வயர் இவ்வளவுதானடா.”

“இவ்வளவு காணும் அக்கா. ஒழுங்கை திரும்பும் மட்டும் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.”

ஒரு சொல்கூட அறுந்து வரவில்லை.