ஹீலியத்துக்கு எட்டா?

ஜாவாத் தீவின் சோலோ நகரத்துப் பள்ளியில் வேதியியல் நடத்தும் தியுர்மா, தோபா ஏரிக்கரைப் பத்தாக்கு இனத்துக்காரி. அங்கே கோபம் வந்தால் கத்துவார்கள், வராவிட்டாலும் கத்துவார்கள். இத்தனை வருடம் ஜாவாக்காரர்களுக்கு நடுவே குப்பை கொட்டியும் அவளுக்கு மென்று முழுங்கிப் பேச வரவில்லை.

அந்த ஊர் மொழியில் அணுக்கருவைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரான் கூட்டுக்குத் 'தோல்' என்றுதான் பெயர். "உள்ளே என்ன இருந்தா நமக்கென்ன? வெளித்தோல்ல எத்தனை எலக்ட்ரான்னு மட்டும் எண்ணு" என்று கத்திக் கத்தியே பிள்ளைகளைத் தேற்றினாள். அப்படித் தேறியவள் கினாசி. மாவட்ட வேதியியல் போட்டியில், வெளித்தோலில் எத்தனை எலக்ட்ரான் என்ற கேள்விக்கு, ஹீலியத்துக்கு இரண்டு என்று எழுதினாள். தேர்வுக் குழுவின் விடையோ எட்டு. ஒரே மதிப்பெண்ணில் மாகாணப் போட்டி போயே போச்சு.

தனிம அட்டவணையில் ஹீலியம் பதினெட்டாம் தொகுதி. அதன் கடைசி இலக்கந்தான் வெளித்தோல் கணக்கு என்று எட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டார் யாரோ ஒரு புண்ணியவான். அட அநியாயமே! மொத்தமே இரண்டு எலக்ட்ரான் வைத்திருக்கிற அணு எட்டுக்கு எங்கே போகும்?

தியுர்மா நேரே குழுத் தலைவர் ஹர்யோனோவிடம் போய் நின்றாள். அந்த ஊரில் ஐயாவுக்கு 'பாக்', அம்மாவுக்கு 'பு'.

"பாக், கினாசி எழுதினதுதான் சரி. திருத்திடுவீங்கல்ல?"

"இங்கிஹ், பு, இங்கிஹ். டீ எடுத்துக்கோங்க."

'இங்கிஹ்' என்றால் ஆமாம். வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தவளைப் பார்த்து, கூட வேலை பார்க்கும் சுலாஸ்திரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! அவர் எங்கே ஒத்துக்கிட்டார்? நீ பேசினது காதுல விழுந்துச்சுன்னு சொல்லியிருக்கார். சோலோல இருந்துக்கிட்டு இதுகூடவா தெரியாது?"

அப்படியேதான் ஆனது. பழைய முடிவே வெளியானது. தியுர்மா மறுபடி ஓடினாள்.

"ஆமான்னு சொன்னீங்களே, பாக்!"

"மெதுவா, பு. இப்ப மாத்தினா, விடை போட்ட பெரியவர், நாலு பேர் முகத்துல எப்படி முழிப்பார்? பொண்ணு சின்னவதானே, அடுத்த வருஷம் எழுதட்டும்."

"அவர் மானத்தைக் காப்பாத்த மிச்ச ஆறு எலக்ட்ரானை யார் வீட்ல கடன் வாங்கினீங்க?"

ஹர்யோனோ முகம் மாறாமல் சிரித்தார். சிரிக்கிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் வகுப்பில் ஒரு சின்னத் தேர்வு வைத்தாள். கினாசியின் தாளைத் திருத்தும்போது கை நின்றது. ஹீலியத்துக்கு நேரே எட்டு. அவளைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, உனக்குமா தெரியாது?"

"தெரியும், பு. ரெண்டுதான்."

"பின்னே?"

கினாசி தலை குனிந்து, மிக மரியாதையாகச் சொன்னாள்: "எட்டுன்னு எழுதினாத்தானே மார்க் போடுறாங்க."

தியுர்மா சிவப்புப் பேனாவைத் திறந்தாள். தப்பு என்று போட்டுத்தான் ஆக வேண்டும், போட்டாள். பாவிகளா, தெரிந்த பிள்ளையையே பொய் எழுத வைத்துவிட்டீர்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.