மாலுமி வீட்டுக் கடல்

என் அக்கா வீட்டுக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் மாலுமி. அவர் காதில் விழாமல்தான் சொல்வோம். மனிதர் கப்பலை நேரில் பார்த்ததில்லை. கடையில் குழாயும் ஷவரும் விற்பவர். தண்ணீருக்கும் அவருக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

ஆனால் அவர் வீட்டு ஹாலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். யாரோ ஒரு பயணி எந்தக் காலத்திலோ எடுத்த தீவுக் கரைகள், சாய்ந்த தென்னைகள், கவிழ்த்துப் போட்ட தோணிகள், எல்லாம் பழுப்பேறிய படங்கள். 'விண்டேஜ்' என்பார் வாய் நிறைய. அதை அரைகுறையாகக் கேட்ட என் அம்மா, "வேண்டாததையா மாப்பிள்ளை வாங்கி மாட்டியிருக்கார்?" என்றாள். அம்மாவுக்குக் காதுதான் மந்தம், புத்தி மந்தமில்லை.

கல்யாண போட்டோ பீரோவுக்குப் பின்னால் போயிற்று. கலர் ஒத்துவரவில்லையாம். வருகிறவர்களை நிற்கவைத்து, அந்த மணல் காலில் ஒட்டாது, அந்த அலைக்குச் சத்தமே கிடையாது என்று அளப்பார். அங்கேயே பிறந்து வளர்ந்தவன்கூட இவ்வளவு பேசமாட்டான்.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஆசை. நிஜக் கடலில் கால் நனைக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து கேட்டாள். லீவு இல்லை, வெயில், கூட்டம் என்று தட்டிக் கழித்தார். கடைசியாகச் சொன்ன பதிலை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

"ஹால்ல இத்தனை கடல் இருக்கே, உக்காந்து பாரேன்."

பொறுக்க முடியாமல் நானே அவளை ரயிலேற்றிக் கூட்டிப்போனேன்.

சாதாரணக் கரைதான். பாசி நாற்றம், காலி பாட்டில்கள், பலூன்காரனின் விசில். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து எத்தனை வருஷம். நான் எடுத்த படத்தை ஆசையாக அவருக்கு அனுப்பினாள். நல்லாயிருக்கே என்று ஒரு வார்த்தை வராதா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் குரலிலேயே பதில் வந்தது.

"லைட்டிங் பிரமாதம். நீ கொஞ்சம் தள்ளி நின்னு, ஆள் இல்லாம ஒண்ணு எடுத்து அனுப்பு. சோபாவுக்கு மேல மாட்டலாம்."

நானாயிருந்தால் போனைக் கடலில் வீசியிருப்பேன். அக்கா கரையேறி, வெறும் கடலைப் படமெடுத்து அனுப்பினாள்.

திரும்பும் வழியில் என் ஸ்டேஷன்தான் முதலில் வரும். அவள் ஊர் அதற்கும் அப்பால். நான் இறங்கினேன். பின்னாலேயே அவளும் பையோடு இறங்கினாள். அவளே சொன்னாள்.

"வீடும் அவர் கேட்ட மாதிரியே இருக்கட்டும்டி. ஆள் இல்லாம."