மாமரம் என்றதும் கீழே வைத்துவிடுகிறார்கள்

கையால் உகுலேலே செய்து விற்கிற தொழிலில் அறுக்கவும் இழைக்கவும் சீக்கிரம் பழகிவிடலாம்; மரம் பார்க்க வருகிறவருக்கு எதிரே முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளத்தான் கடைசிவரை பழகாது.

கடைக் கவுண்டருக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கிற உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன், கேளுங்கள். என் குரல் சன்னம். நான் கோபப்பட்டாலும் எதிரில் இருப்பவர் "என்ன தம்பி?" என்று காதைக் கிட்டே கொண்டுவருவார். நாலு தந்தி போட்ட ஒரு குட்டி கிட்டாருக்கா இவ்வளவு கோபம் என்று நினைக்காதீர்கள். சூலியா தெருவை ஒட்டிய சந்தில் எங்கள் பட்டறை. முதலாளி சாதிக் நானா. அங்கே நானே மரம் தேர்ந்தெடுத்து, முதன்முதலாக முழுசாகச் செய்தது ஒரு மாமர உகுலேலே. இரண்டு வருஷம் நிழலில் காய்ந்த பலகை. ஒரு தட்டுத் தட்டினால் ஒலி உடனே சாகாமல் நின்று பேசும். அதைச் சுவரில் மாட்டிய அன்றே நானா சொல்லிவிட்டார்: "ஸ்கூல் லீவு முடியறதுக்குள்ள போகலைன்னா நடுவுல அறுத்துடுவோம்லா. உள்ள எப்படி இருக்குன்னு வர்றவங்களுக்குக் காட்ட ஒண்ணு வேணும்."

கனம்

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் மகளுக்கு வாங்க வந்தார். பாசாரில் பூசணிக்காய் பார்ப்பது போல என் உகுலேலேயை உள்ளங்கையில் ஏற்றி இறக்கினார். "அப்பளமாட்டம் இருக்கே. எங்க வீட்டு வாசக்கதவு மெர்பாவ் மரம், நாலு பேரு தூக்கி மாட்டினோம். அந்த மாதிரி மரத்துல செய்யி" என்றார்.

கதவுக்கு அசையாத மரம் வேண்டும், உகுலேலேயின் முன்பலகை தந்தியோடு சேர்ந்து அதிர வேண்டும், கனத்த மரம் போட்டால் ஊமையாகிவிடும் என்று பொறுமையாகச் சொன்னேன். அதே தடிப்பில் கிடந்த வேறொரு பலகையை லேசாக வளைத்தும் காட்டினேன். அங்கேதான் கெட்டது. "ஆடுற பலகைக்கா நான் வெள்ளியை எண்ணிக் குடுக்கணும்?"

எந்த ஊர் மரம்

கெலுகோரில் படிக்கிற ஒரு பையன் வந்தான். நல்ல கை. வந்தவன் சுவரிலிருந்து என் உகுலேலேயை எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி வாசித்துக்கொண்டே இருந்தான். மற்ற எதையும் தொடவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எழுந்து, "சவுண்டு சூப்பர் அண்ணே. ஹவாய் மரமா?" என்றான்.

மாமரம் என்றேன். சுடுசட்டியைத் தொட்டவன் போல வைத்துவிட்டான். "எங்க வீட்டுக்குப் பின்னால நிக்குது அண்ணே, அம்மா ஊறுகா போடுறாங்க." அதே காது, அதே விரல், அதே உகுலேலே, பேரைக் கேட்டதும் சத்தம் கெட்டுப்போய்விட்டதாம். உகுலேலே பிறந்த ஹவாயிலேயே மாமரத்தில் செய்கிறார்கள் தம்பி என்று, எனக்கு முடிந்த அளவு சத்தமாகவே சொன்னேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"அது ஹவாய் மாமரம் அண்ணே."

அழுக்கு

மாமரத்தில் இயற்கையாகவே கருங்கோடுகள் ஓடுவதுண்டு. அந்தக் கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல விழும்படி பலகையைப் பிளந்து ஒட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஓர் அக்கா பைக்குள்ளிருந்து ஈர டிஷ்யூவை எடுத்து அதைத் தேய்க்க ஆரம்பித்தார். போகவில்லை என்றதும் பெயின்ட் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். போய்விட்டார்.

நானா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். லீவு முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. மரத்தின் பேரை ஏன் சொல்கிறாய் என்று ஆரம்பித்தார். பொய் சொல்லி விற்க மாட்டேன் நானா, அதற்கு அறுத்தே போடுங்கள் என்றேன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "போர்னியோ காட்டு மரம்னு சொல்லு. காட்டுல மாமரம் இருக்காதா என்ன?"

ரம்பம்

லீவின் கடைசிச் சனிக்கிழமை. நானா உகுலேலேயை மேசையில் கிடத்தி, நடுவில் டேப் ஒட்டி, அதன்மேல் பென்சிலால் கோடு போட்டுவிட்டார். ரம்பத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அப்போது தன் பழைய உகுலேலேக்குத் தந்தி மாற்ற வேறோர் அக்கா வந்தார். இது ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்டார். மாமரம், யாருக்கும் வேண்டாமாம் என்றேன். எந்த மாமரம் என்றார். பாகான் டாலாமில், கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் வெட்டிப்போட்டது என்றேன்.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஒரு தந்தியையாவது மீட்டிப் பாருங்கள் அக்கா என்று கெஞ்சினேன். அவர் காதில் விழவே இல்லை.

"குடிபோன நாள்லேர்ந்து காய் காயா என் ஜிங்க் கூரையில போட்டுத் தூங்க விடல தம்பி அது. வாசல்ல நிறுத்தின காடிக் கண்ணாடியும் போச்சு. அக்கம்பக்கத்துல சண்டை போட்டு வெட்ட வெச்சதே நான்தான். டேப்பை உரிச்சிட்டுப் பேக் பண்ணுங்க, இனிமே அதை நான் தட்டுறேன்."

ஒலிக்காகவே தேர்ந்தெடுத்த மரத்தைக் கடைசியில் ரம்பத்திடமிருந்து காப்பாற்றியது, அதன் ஒலியைக் கேட்டுப் பார்க்காமலே வாங்கிப் போன ஓர் அக்காவின் பகைதான்.