முதல் சாலுரானில் அய்யாவு

அய்யாவு போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்த பிறகு அவரைப் பராமரிக்க நான் போகிறேன். குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, கைகாலை அசைக்க வைத்துவிட்டால் என் வேலை முடியும். அவர் வேலை அப்போதுதான் தொடங்கும். இடது கட்டைவிரலால் போனைத் தள்ளித் தள்ளிக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் பழைய வரி ஒன்றைத் தேடிப்பிடிப்பார்: இராமலிங்கம் வெளியேறினார்.

இராமலிங்கமும் லோரிக்காரர். தேர்தல்தோறும் இருவரும் சேர்ந்து ஓட்டுப் போட்டு, சேர்ந்து தேநீர் குடித்துவிட்டு வருவார்கள். போன தேர்தலில், ஒரு வேட்பாளர் கோயில் நிலத்தை விற்கப்போகிறார் என்று யாரோ அனுப்பிய குரல்பதிவை அய்யாவு குழுவில் போட்டார். யார் சொன்னது என்று இராமலிங்கம் கேட்டார். "நீ அவன்கிட்ட எவ்வளவு வாங்கின?" என்று எல்லோரும் பார்க்க எழுதினார் அய்யாவு. பதிவு பொய் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தத் தேர்தலுக்குச் சக்கர நாற்காலி ஏற்ற வண்டி கிடைக்கவில்லை. பேஸ்புக்கில் கேட்டேன். லோகேஸ்வரி என்ற முன்பின் தெரியாத பெண் வேனோடு வந்து நின்றாள்.

ஓட்டுப் போடும் பள்ளியில் வயதுப்படி சாலுரான் என்று தனித்தனி வரிசையும் அறையும் பிரித்திருப்பார்கள். முதல் அறை மூத்தவர்களுக்கு. இவருக்கும் இராமலிங்கத்துக்கும் ஒரே வயது. வாசலில் இருந்த அதிகாரி எங்களை நேரே உள்ளே போகச் சொன்னார். அய்யாவு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. லைன்லயே இருக்கேன் லா."

"வெயில்ல மயங்கினா யாரு தூக்குறது, அண்ணே?"

"அவன் வருவான்."

கடைசியில் போய் நின்றோம். பின்னால் வந்து சேர்ந்த ஒவ்வொரு முகத்தையும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். முன்னால், நாற்காலியில் இருப்பவருக்கு முதுகுகள்தான் தெரியும். அறையை நெருங்கும்போது, உள்ளே எழுத்தர் வழக்கப்படி ஒரு பெயரை உரக்கப் படித்தார். இராமலிங்கம்.

"தள்ளும்மா," என்றார் அய்யாவு.

ஆட்கள் ஒவ்வொருவராக விலகி வழிவிட நேரமாகிவிட்டது. நாங்கள் நுழைந்தபோது இராமலிங்கம் ஓட்டுப் போட்டு மறுவாசல் வழியாகப் போயிருந்தார். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தும் தேடினோம்; காணவில்லை.

வீட்டில், மை வைத்த இடது கையாலேயே தட்டினார். குழுவில் போடவில்லை, நேராக இராமலிங்கத்துக்கு அனுப்பினார்: "உள்ள உன் பேரு கேட்டுச்சு. அன்னிக்குத் தப்பு என்னோடது. டீ குடிக்க வரியா?"

இரண்டு டிக் குறிகள் விழுந்தன, படித்ததைக் காட்டும் நீலமாகவில்லை. கஞ்சியை ஊட்டினேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே விழுங்கினார். சார்ஜ் குறைந்திருந்தது. வயரைச் செருகி, அவர் இடது கைக்கு எட்டும்படி வைத்தேன்.