சிவப்பு முனையுள்ள பாபின்

என் மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் தையல் மெஷினில் நூல் சுற்றும் பாபின் ஒன்று கிடக்கிறது. நிறைய நீல நூல், கடைசியில் கொஞ்சம் சிவப்பு. சுற்றித் தந்தவர் என் மதினி, அண்ணனின் மனைவி. தாராவியில் குழந்தைகளுக்குக் கவுன் தைக்கும் கார்கானாவில் வேலை. தைத்த கவுன்களுக்குக் கணக்கில்லை. வயிற்றில் தங்கிய பிள்ளை ஒன்றுமில்லை.

செம்பூரில் நான் வேலை பார்க்கும் லேபில்தான் அவர் ரத்தத்தைப் பரிசோதித்தோம். ஒரு செல்லின் டி.என்.ஏ.வை நீட்டினால் ஆள் உயரத்தையும் தாண்டும். புரத உருண்டைகளில் சுற்றியிருந்தாலும் தளர்வாகக் கிடப்பதால் கண்ணுக்குச் சிக்காது. செல் இரண்டாகப் பிரியும்போதுதான் சுற்றியதையே மறுபடி மறுபடி சுருட்டி, இறுகி, குட்டையான குரோமோசோம்களாகத் திரளும். அந்த நேரத்தில் மருந்து ஊற்றி நிறுத்திப் பார்ப்போம். மதினிக்கு இரண்டு குரோமோசோம்களின் முனைகள் இடம் மாறியிருந்தன. எதுவும் குறையாததால் அவருக்கு ஒரு நோயும் இல்லை. அதில் பாதி மட்டும் பிள்ளைக்குப் போகும்போதுதான் பல முறை ஏதாவது கூடிவிடும், அல்லது குறைந்துவிடும்; கரு தங்காது.

கார்கானாவில் வைத்து இதைச் சொன்னேன். ஒரு பாபினில் நீல நூலின்மேல் சிவப்பை ஓட்டிக் காட்டினார்.

"இப்படியா தம்பி? நூலு பூராவும் இருக்குல்லா, பிரிச்சு ஒழுங்கா சுத்த முடியாதா?"

"முடியாது மைனி."

இருந்தும் அவருக்கு ஒரு பிடிப்பு இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அக்காளுக்குப் பிள்ளையில்லை என்றால் தங்கை ஒன்றைக் கொடுப்பதுண்டு. அம்பர்நாத்தில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கை, "மொதப் பிள்ளை ஒனக்குத்தாங்க்கா" என்று சொல்லியிருந்தாள். மதினி தொட்டிலுக்குச் சேலைகூட எடுத்து வைத்திருந்தார். தங்கையையும் பரிசோதித்துவிடலாமே என்றேன். "அவ வாயும் வயிறுமா இருக்கா. வாயக் கழுவுங்க" என்று சீறினார்.

அந்தக் கருவும் தங்கவில்லை. பிறகு தங்கை தானே வந்து ரத்தம் கொடுத்தாள். அதே முனைகள், அதே இட மாற்றம். பெற்றவர்களில் யாரோ ஒருவரிடமிருந்து இருவருக்கும் வந்தது. வழி முழுதாக அடைபடவில்லை என்றார் டாக்டர். நானும் அதையே சொன்னேன், நம்பாமல்.

மதினி அழவில்லை. "அவ பிள்ளைய நான் கேட்டு வச்சதுனாலயா அவளுக்கும் இப்படி?" என்றார். பிறக்கும்போதே இருந்தது என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். தலையாட்டினார், நம்பவில்லை. தங்கை வீட்டுக்கும் அதன்பின் போகவில்லை. தொட்டில் சேலை இப்போது அவர் மெஷினுக்கு உறை.

நேற்று அந்த பாபினை எடுத்து சிவப்பு நூலைப் பிரித்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அவ்வளவு லேசாகப் பிரிந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் மறுபடி சுற்றி வைத்தேன்.