பஷீர் பாய் காட்டிய ஆரஞ்சு நட்சத்திரம்

பழுத்த இரும்பை எண்ணெயில் முக்கும்போது எழுமே ஒரு கருகல் வாசனை, அது மூக்கில் ஏறினால் எனக்கு வானம்தான் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள். பேய், ஆவி, ஜோசியம் எதையும் நம்பாத ஆள் நான். உங்களையும் நம்பச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஓசூரில் பஷீர் பாயும் நானும் ஒரே உலையில் வேலை பார்த்தோம். இரும்பின் நிறத்தை வெறுங்கண்ணால் பார்த்தால்தான் எங்களுக்குத் திருப்தி, அதற்காக கண்ணுக்குப் போட்ட நீலக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வோம், எல்லோருக்கும் இருந்த கெட்ட பழக்கம். ஒருநாள் எண்ணெய்த் தொட்டி குப்பென்று பற்றியபோது பாயின் கண்ணாடி நெற்றியில் இருந்தது. இரண்டு கண்ணும் போயிற்று.

அது நடந்து பத்து வருஷம் கழித்து ஒரு பொங்கல் லீவில், பேரிகை கிராமத்தில் அவர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். இருட்டியதும் கரண்ட் போக, வானம் மொத்தமாக இறங்கி வந்தது. எப்சிலான் எரிடனி என்று ஒரு நட்சத்திரம், சூரியனுக்கு அக்கம்பக்கத்து ஆள், அதைவிடக் கொஞ்சம் சிறிசு, மங்கிய ஆரஞ்சு. எனக்கு அதன்மேல் பைத்தியம். பாயிடம் அதன் புகழைப் பாடிக்கொண்டே தேடினேன், சிக்கவில்லை.

"உன் குரலு அந்தப் பக்கம் போவுது, அங்க எதுக்குப்பா தேடற? இந்தா இருக்குது."

பாய் கையை உயர்த்தினார். நம்பினால் நம்புங்கள், விரல் நுனியில் அதுவேதான். அவர் தோளைப் பிடித்துச் சுற்றிவிட்டேன். மறுபடியும் விரல் அங்கேயே போய் நின்றது.

"எண்ணெய்ல போடறதுக்கு முன்னாடி இருக்குமே, அந்தக் கலரு! யாரு மூட்டின உலைப்பா அது, இன்னும் அணையாம!"

"பாய், அந்த வெளிச்சம் இங்க வந்து சேரப் பத்தரை வருஷம் ஆவும்."

பாய் சிரித்தார். "அப்போ அது கெளம்பறப்போ எனக்குக் கண்ணு இருந்துச்சேப்பா!"

"அண்ணா, இவுரு பேச்சக் கேட்டுக்கினு நிக்காதீங்க, டீ ஆறுது!" கீழிருந்து அவர் மனைவி மும்தாஜ். நானும் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

அடுத்த பொங்கலுக்கும் போனேன். அதே மாடி, அதே நேரம். பாய் முகத்தை வானம் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை எழவே இல்லை. ஆரஞ்சுப் பொறியை நான்தான் கண்டுபிடித்தேன். அந்த எழாத கை இன்றைக்கும் என் தூக்கத்தில் வருகிறது.

வாசலில் நான் செருப்பை மாட்டும்போது பாய் கேட்டார்.

"இருக்குதாப்பா?"

"இருக்குது பாய்."

"கண்ணு இருந்தப்போ கெளம்பி எனக்கு வரவேண்டியது வந்து முடிஞ்சிடுச்சு. இனிமே வர்ற வெளிச்சமெல்லாம் உன்னுது. கண்ணாடிய நெத்திக்கு ஏத்தாத, போயிட்டு வா."